சுவருக்கு எதிராக ஒரே ஒரு கை

மருதந்தோப்பு நகர் வீட்டு உரிமையாளர் நலச்சங்கத்தின் முதல் கூட்டம் 1991 சித்திரையில், வெங்கட்ரமணன் சார் வீட்டுக் கூடத்தில் நடந்தது. கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். அவர்தான் தலைவர் என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த வீட்டு மாடியில் நான் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தேன். தபால் ஆபீஸில் வேலை. வாடகைக்காரனுக்குச் சங்கத்தில் இடம் கிடையாது. ஆனால் மாடிப்படி கூடத்துக்குள்தான் இறங்கும். மூன்றாவது படியில் உட்கார்ந்தால் எல்லாம் காதில் விழும். நான் உட்கார்ந்தேன்.

இருபது பேர் வந்திருந்தார்கள், எல்லாம் ஆண்கள். வெங்கட்ரமணன் சார் உறுப்பினர் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, தலையை மூடிய முக்காடு, கையில் துணிப்பை. பதினேழாம் நம்பர் வீடு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பெயர் மும்தாஜ் பேகம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"வாங்கோம்மா. ஆத்துக்காரர் வரலையா?" என்றார் தலைவர்.

"அவுக சவுதியில, தம்மாம்ல இருக்காக சார்."

"அப்போ லீவுல வரும்போது சேர்ந்துக்கட்டுமே. அவசரமில்லை."

"வீடு என் பேர்ல இருக்கு சார். சங்கத்துல வீட்டுக்கு உரியவங்கதான் சேரணும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கீங்க. அவுக வந்தாத்தான் நீங்க யோசிக்கணும்."

சொல்லிவிட்டுக் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குப் பதில் சொல்கிற மாதிரி இருந்தது. தலைவர் பட்டியலில் அடுத்த எண்ணைப் போட்டார். பிறகு பெயரை எழுதிக்கொண்டார்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் உடம்புக்கும் குரலுக்கும் சம்பந்தமே கிடையாது. கனத்த, தெளிந்த குரல். பத்து வருஷம் வெளியூர் டிரங்கால்களுக்கு இணைப்புப் போட்டு, இரைச்சலான கம்பியில் மறுமுனைக்குக் கேட்கும்படி பேசிப் பேசி வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் குரல் தெரியும். முகம் தெரியாது.

மருதந்தோப்பு நகரின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். வண்ணாரப்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் கீழே போனால், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு பெரிய வாழைத்தோட்டம் இருந்தது. கரையில் நாலைந்து மருதமரம். எண்பத்தெட்டில் அதை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். "ஆற்றங்கரைக் காற்று, இருபத்தைந்து அடியில் நல்ல தண்ணீர்" என்று சுவரெல்லாம் விளம்பரம். முப்பத்தெட்டு வீடுகள் எழும்பின. தெற்கே மெயின்ரோடு, ரோட்டை ஒட்டிப் பாசன வாய்க்கால். அங்கிருந்து தரை மெல்லச் சரிந்து வடக்கே ஆற்றங்கரையில் போய் முடியும். ரோட்டிலிருந்து நகரின் நடுவாக ஒரு பாதை படித்துறைக்கு இறங்கியது. தோட்டமாக இருந்த காலத்திலேயே உள்ள பாதை அது. கிழக்குப் பக்கம் ஒரு மேட்டில் இருபது முப்பது ஓட்டு வீடுகள். அங்குள்ள ஜனங்கள் ரோட்டுக்குப் போக, துணி வெளுக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அந்தப் பாதையில்தான் நடப்பார்கள்.

சங்கத்துக்கு அதுதான் பெரிய தலைவலியாக இருந்தது.

முதல் வருஷம் தெருவிளக்கு வந்தது. குப்பைத் தொட்டி வந்தது. அதற்குப் பிறகு கூட்டங்களில் வேறு பேச்சே இல்லை. யாரோ ஒருவர் வீட்டு வாசலில் சைக்கிள் காணாமல் போனது. இன்னொருவர் வீட்டுக் கொல்லையில் பித்தளைக் குடம் போனது. படித்துறையில் சீட்டாடுகிறார்கள், குடிக்கிறார்கள். கழுதை வந்து ரோஜாச் செடியைத் தின்றுவிட்டது. 1992 தை மாதக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. ஆற்றோரம் முழுக்க, கிழக்குப் பக்கமும் சேர்த்து, ஏழடிச் சுவர். பாதை படித்துறையைத் தொடும் இடத்தில் ஒரு இரும்புக் கதவு.

மும்தாஜ் எழுந்தாள்.

"சார், வாய்க்கால் மேல இருக்கு, ஆறு கீழ இருக்கு. நடுவுல நாம இருக்கோம். போன ஐப்பசி மழையில இந்தப் பாதையில தண்ணி ஓடினத நான் பாத்தேன். மழை விட்டு அரை மணி நேரம் முழங்கால் தண்ணி ஆத்தப் பாத்து ஓடுச்சு. சுவர வச்சிட்டா அந்தத் தண்ணி எங்க போவும்?"

"அதுக்குத்தான் அடியிலே குழாய் வைக்கப்போறோமே. ஆறு இடத்திலே."

"நாலு இஞ்சுக் குழாய் சார். ரெண்டு வாழையிலை போதும், அடைச்சிரும்."

யாரோ சிரித்தார்கள். பின்னால் ஒருவர், "டெலிபோன்காரிக்குத் தண்ணிக் கணக்கும் தெரியும் போல" என்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பி, "தெரியும் அண்ணாச்சி. மேல இருந்து கீழ ஓடும். அவ்வளவுதான் கணக்கு" என்றாள்.

சுவர் வேண்டும் என்று இருபத்தேழு கைகள் உயர்ந்தன. வேண்டாம் என்பதற்கு ஒரே ஒரு கை. தூக்கிய கையை அவள் உடனே இறக்கவில்லை. தலைவர் எண்ணி எழுதி முடிக்கும் வரை அப்படியே வைத்திருந்தாள்.

அன்று இரவு சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள், "ஒத்த ஆளா நின்னாளே, சங்கடமா இருக்காதா?" மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அதையே அவளிடம் கேட்டும்விட்டாள். மும்தாஜ் சொன்ன பதில்: "அக்கா, ராங் நம்பர்னு தெரிஞ்ச பொறவும் எடுத்துப் பேசிக்கிட்டே இருப்பாங்களா? நான் சரியான நம்பரச் சொல்லிட்டேன். அவங்க போடலேன்னா நான் என்ன செய்ய?"

சுவரைக் கட்டியவர் நேசையா. கிழக்கு மேட்டில் குடியிருந்த கொத்தனார். தன் தெரு ஆட்களுக்கு வழியை அடைக்கிற சுவரைத் தானே கட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றரை மாச வேலை. சுவர் முடிந்து கதவு வைக்கும் சமயத்தில் சங்கத்தில் இன்னொரு முடிவு எடுத்தார்கள். கதவு வைத்தால் யார் திறப்பது, யார் பூட்டுவது என்று தகராறு வரும், அதனால் அந்த இடத்தையும் கல் வைத்து அடைத்துவிடுவது என்று. நேசையா, "ஐயா, ஒரு ஆள் போற அளவுக்காவது விடுங்க" என்று கேட்டுப் பார்த்தார். "அடைக்காம விட்டாலோ, பின்னால சுவர்ல கைவெச்சாலோ போலீஸுக்குப் போவோம்" என்று உறுப்பினர் ஒருவர் சொல்லிவிட்டார். அடைத்தார். அதன் பிறகு மேட்டு ஜனங்கள் ரோட்டுக்கு வர ஒரு மைல் சுற்றினார்கள். துணி வெளுக்கிற சந்தனமாரி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றி வந்து எங்கள் வாசலில் இறக்குவாள். சுவரை ஒரு பார்வை பார்ப்பாள்.

நவம்பர் பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு நாளாக விடாத மழை. மும்தாஜுக்கு அன்று காலை ஆறு மணி டியூட்டி. அந்த மாதிரி நாட்களில் மகள் ஹனீனை முந்தின நாளே மேலப்பாளையத்தில் தங்கச்சி வீட்டில் விட்டுவிடுவாள். ஆறேகால் மணிக்கு அம்பாசமுத்திரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து கோமு கூப்பிட்டாள். இரண்டு பேரும் எட்டு வருஷமாகப் பேசுகிறவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

"மும்தாஜ், இங்கன ஆறு பாலத்தத் தொடுது. மலையில ராத்திரி பூரா கொட்டியிருக்கு. கூரை ஒண்ணு முழுசாப் போவுது, மாடு போவுது. உன் வீடு ஆத்தங்கரைன்னு சொன்னியே."

"எப்ப இருந்து ஏறுது?"

"நாலு மணியில இருந்து. நிக்கவே இல்ல."

மும்தாஜ் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அங்கிருந்து இங்கே தண்ணீர் வந்து சேர ஐந்து ஆறு மணி நேரமாவது ஆகும். உடனே எங்கள் வீட்டுக்குப் போன் செய்தாள். மருதந்தோப்பு நகரில் அப்போது இரண்டே போன்தான். வெங்கட்ரமணன் சார் எடுத்தார்.

"ரேடியோவிலே ஒண்ணும் சொல்லலையேம்மா."

"சார், ரேடியோவுக்கு ஆத்தங்கரையில வீடு இல்ல. எனக்கு இருக்கு. எல்லாரையும் எழுப்புங்க."

பிறகு மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவரே, "போம்மா, உன் இடத்துல நான் உக்காருதேன்" என்று அனுப்பினார். ஆட்டோ பாதி வழியோடு நின்றுவிட்டது. மீதியை மழையில் நடந்தே வந்தாள். ஏழரை மணிக்கு நகருக்குள் நுழைந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. முதல் வீட்டிலிருந்து கதவைத் தட்ட ஆரம்பித்தாள். "பத்து மணிக்குள்ள ரோட்டுக்கு வந்துரணும். பெரியவங்க, பிள்ளைங்க முதல்ல." சிலர் கிளம்பினார்கள். பலர் காப்பி குடித்துவிட்டுப் பார்ப்போம் என்றார்கள். ஆறு அப்போது கரைக்குக் கீழே, மழைக்காலத்தில் எப்போதும் போலச் சிவந்த தண்ணீரோடுதான் போய்க்கொண்டிருந்தது.

எட்டரை மணிக்கு ஒரு சத்தம் கேட்டது. லாரியில் கருங்கல் கொட்டுகிற சத்தம். ஆற்றுப் பக்கம் இல்லை, ரோட்டுப் பக்கம். வாய்க்கால் கரை உடைந்துவிட்டது.

தண்ணீர் மேலேயிருந்து வந்தது. ரோட்டைத் தாண்டி, பாதையில் இறங்கி, இரண்டு பக்கமும் வீடுகளுக்குள் புகுந்து, நேரே போய்ச் சுவரில் மோதி நின்றது. குழாய்கள் ஆறும் பத்து நிமிஷத்தில் சருகும் இலையுமாக அடைத்துக்கொண்டன. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். ஒன்பது மணிக்கு ஆற்றோர வரிசை வீடுகளில் மார்பளவு நின்றது. ரோட்டுக்குப் போகிற பாதையில் காலை வைக்க முடியவில்லை, ஆளைத் தள்ளுகிறது. நானும் என் மனைவியும் பிள்ளைகளும், கீழே இருந்த வெங்கட்ரமணன் சாரும் மஹாலக்ஷ்மி மாமியும், அக்கம்பக்கத்து வீடுகளில் ஓடிவந்தவர்களுமாக முப்பது பேர் எங்கள் மொட்டைமாடியில் நின்றோம். கடைசியாக மும்தாஜ் வந்தாள். பக்கத்து வீட்டு வயசான பாட்டையாவைத் தோளில் சாய்த்து ஏற்றிக்கொண்டு வந்தாள். அவரை உட்கார வைத்துவிட்டு நேரே வடக்குக் கைப்பிடிச் சுவரில் போய்ச் சாய்ந்து கீழே பார்த்தாள்.

"இங்க வாங்க சார். பாருங்க."

நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சுவருக்கு உள்ளே மார்பளவு தண்ணீர். சுவருக்கு அந்தப் பக்கம் படித்துறையில் இன்னும் நாலு படி தெரிந்தது. உள்ளே குளம், வெளியே தரை.

"ஆறு இன்னும் ஏறல. அம்பாசமுத்திரத்துத் தண்ணி வர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. இப்பவே சுவர உடைச்சா உள்ள நிக்கிறது வடிஞ்சிரும், நாம ரோட்டுக்கு நடந்து போயிரலாம். ஆறு ஏறின பொறவு உடைச்சா அதுவும் சேந்து உள்ள வரும்."

"மாடியிலே இருந்தா போறாதா?" என்றார் ஒருவர்.

"கோமு சொன்ன மாதிரி வந்தா மாடி பத்தாது அண்ணாச்சி."

மும்தாஜ் கிழக்கே திரும்பினாள். மேட்டில் ஜனங்கள் கூடி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் பயம் வந்துவிட்டது. மேட்டைச் சுற்றிப் போகிற ஒரு மைல் பாதையை வாய்க்கால் தண்ணீர் ஏற்கெனவே மூடியிருந்தது. அவள் கையைக் குவித்து வாயில் வைத்தாள். மழையையும் தண்ணீர் இரைச்சலையும் மீறி அந்தக் குரல் போனது.

"நேசையா அண்ணே! நேசையா அண்ணே! சுவர உடைக்கணும்!"

கூட்டத்திலிருந்து அவர் முன்னால் வந்தார். கையில் ஏற்கெனவே கடப்பாரை இருந்தது. ஆனால் அசையவில்லை.

"யாரு சொல்லுதா?" என்று அங்கிருந்து கத்தினார். "நீங்க சொன்னாப் பத்தாது தாயி! சங்கம் சொல்லட்டும்! நாளைக்கு என் மேல கேஸ் போடுவாங்க!"

மாடியில் எல்லோரும் தலைவரைப் பார்த்தோம். வெங்கட்ரமணன் சார் நனைந்து போய், கண்ணாடியில் நீர் வழிய நின்றார். சுவருக்காக ஆறு மாசம் அலைந்தவர் அவர். ஒவ்வொரு வரிசையையும் நின்று பார்த்துக் கட்டினவர். மும்தாஜ் அவரை அவசரப்படுத்தவில்லை. பேசாமல் நகர்ந்து இடம் விட்டாள். அவர் கைப்பிடிச் சுவரருகே வந்தார். முப்பது வருஷம் வகுப்பில் பேசிய குரல். அன்றைக்கு முதல் தடவை உடைந்து வந்தது.

"நேசையா! நான் சொல்றேன்! உடைங்கோ!"

நேசையா அதற்காகவே காத்திருந்த மாதிரி இறங்கினார். இடுப்பில் கயிறு. மறுமுனையைச் சந்தனமாரியும் நாலைந்து ஆண்களும் மேட்டிலிருந்த மருதமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். சுவரின் வெளிப்பக்கமாகப் படித்துறைக் கல்லில் நடந்து வந்து, கதவுக்காக விட்டுப் பிறகு அடைத்த இடத்துக்கு நேரே நிற்காமல், ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றார். பிற்பாடு அவர் எனக்குச் சொன்னார்: "பழைய சுவருக்கும் பொறவு வச்ச கல்லுக்கும் பிடிப்பு இருக்காது சார். நான்தான கட்டினேன், எனக்குத் தெரியாதா."

கடப்பாரையை இணைப்பில் குத்தினார். ஐந்து, ஆறு, ஏழு குத்து. ஒன்றும் ஆகவில்லை. எட்டாவது குத்தில் ஒரு கல் நகர்ந்தது. அந்த ஓட்டையில் தண்ணீர் கைத்தடி கனத்துக்குப் பீய்ச்சியடித்தது. இன்னும் இரண்டு குத்து. அப்புறம் நடந்ததைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆறடி அகலச் சுவர் அப்படியே ஒரு கதவு திறக்கிற மாதிரி வெளியே சாய்ந்தது. உள்ளே நின்ற குளம் முழுக்க அந்த வாசலில் பாய்ந்தது. நேசையாவைக் காணோம். மாடியில் பெண்கள் அலறினார்கள். "இழு! இழு!" என்று சந்தனமாரி கத்துவது கேட்டது. மேட்டுச் சரிவில் முதலில் கயிறு தெரிந்தது, பிறகு ஒரு கை, பிறகு தலை. எழுந்து உட்கார்ந்து இருமினார். நெற்றியில் ரத்தம். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

என் மனைவி அழுதுவிட்டாள். மும்தாஜ் அழவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நாற்பது.

கால் மணி நேரத்தில் மார்பளவு முழங்கால் அளவாகிவிட்டது. வாய்க்காலில் இருந்த தண்ணீரும் பெரும்பகுதி இறங்கி, வேகம் குறைந்திருந்தது. அப்போது நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. உடைந்த வாசல் வழியாக மேட்டு ஜனங்கள் உள்ளே வந்தார்கள். அவர்கள் ரோட்டுக்குப் போக அது ஒன்றே வழி. வந்தவர்கள் நேரே போய்விடவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டார்கள். மஹாலக்ஷ்மி மாமிக்கு முழங்கால் வாதம். சந்தனமாரி அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். மும்தாஜ் பாதை நடுவில், தண்ணீரில் நின்றபடி, வீட்டு நம்பரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டாள். "பதினொண்ணு வந்தாச்சா? இருபத்திரண்டுல யாரு பாக்கி?" முப்பத்தெட்டு வீடும் முடிந்த பிறகுதான் அவள் ரோட்டுக்கு ஏறினாள்.

பதினொன்றரைக்கு ஆறு கரையைத் தாண்டியது. நாங்கள் ரோட்டுக்கு மேலே ஒரு பள்ளிக்கூட மாடியில் நின்று பார்த்தோம். சாயங்காலம் எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தண்ணீர் போனது. காலையில் முப்பது பேர் நின்ற இடம் அது. ஊரில் அன்று பல வீடுகளில் சாவு விழுந்தது. மருதந்தோப்பு நகரிலும் கிழக்கு மேட்டிலும் ஓர் உயிரும் போகவில்லை.

தண்ணீர் வடிந்து வீடு திரும்பியபோது கூடத்தில் இடுப்பளவு சேறு. ஒருவர் வீட்டுப் பிரிட்ஜ் மருதமரக் கிளையில் மாட்டியிருந்தது. சேறு வார ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமு பஸ் ஏறி வந்தாள். குண்டான, சிரித்த முகம். வாசலில் நின்ற மும்தாஜையே பார்த்து, "இங்கன மும்தாஜ்னு ஒரு அம்மா..." என்று விசாரித்தாள். மும்தாஜ் வாய் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னதும் அப்படியே கட்டிக்கொண்டாள். "எலும்பா இருக்கியே! இந்தக் குரலுக்கு ஆறடி ஆளுல்லா இருப்பன்னு நெனச்சேன்!" அன்று முழுக்க அவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு சேறு வாரினாள்.

மார்கழியில் சங்கம் கூடியது. கூடத்தில் இன்னும் சேற்று நாற்றம் போகாததால் பாதையிலேயே நாற்காலி போட்டுக்கொண்டார்கள். மிச்சமிருந்த சுவரை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. நாலைந்து பேர், இந்தத் தடவை காங்கிரீட்டில் கட்டலாம் என்றார்கள். மும்தாஜ் எழுந்திருக்கவே இல்லை. வெங்கட்ரமணன் சார்தான் எழுந்தார்.

"நான் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். தப்பாப் போட்ட கணக்கை அழிச்சுட்டுத்தான் மறுபடி போடணும். மேலேயே எழுதப்படாது. சுவரை எடுத்துடலாம். செயலாளரா மும்தாஜ் பேகத்தை நான் முன்மொழியறேன்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. காங்கிரீட் கேட்டவர்களின் கைகளும்தான். அவள் எழுந்து, "நான் ஒத்துக்கிடுதேன். ஆனா ரெண்டு காரியம்" என்றாள். பாதை எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. வாடகைக்கு இருப்பவர்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்பது இரண்டாவது. "வெள்ளம் பத்திரத்தப் பாத்து வரல" என்றாள். முதலாவது அன்றே நிறைவேறியது. இரண்டாவதுக்கு விதிமுறை இடம் கொடுக்கவில்லை. அதை மாற்ற அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. கூட்டத்துக்குக் கூட்டம் கொண்டு வந்தாள், தோற்றாள், மறுபடி கொண்டு வந்தாள். தொண்ணூற்றைந்தில் நான் மருதந்தோப்பு நகர் நலச்சங்கத்தில் உறுப்பினர் ஆனேன். சங்கத்தின் பெயரில் இருந்த 'வீட்டு உரிமையாளர்' என்ற வார்த்தையும் அன்றைக்கே போனது.

சுவரைப் பிரித்ததும் நேசையாதான். அந்தக் கல்லை வைத்துப் பாதையோரம் இரண்டு பக்கமும் மூன்றடி அகல வடிகால் கட்டினார். ஐப்பசி பிறந்தால் வடிகாலைத் தூர் வாருவது சங்கத்தின் முதல் வேலை. சைக்கிள் அதன் பிறகும் ஒன்றிரண்டு காணாமல் போனது. படித்துறையில் சீட்டாட்டமும் நிற்கவில்லை. மும்தாஜ் ஒரு நாள் போய்ச் சீட்டாடுகிறவர்கள் நடுவில் நின்று, "விளையாடுங்க. குடிச்சிட்டு பாட்டில மட்டும் உடைக்காதீக, பிள்ளைங்க வெறுங்காலோட நடக்கு" என்றாள். பாட்டில் உடைவது நின்றது.

1997ல் அவள் கணவர் சேக் முகம்மது தம்மாம் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். இருபது வருஷம் வெளிநாட்டில் மதில் சூழ்ந்த குடியிருப்புகளைப் பார்த்துவிட்டு வந்தவர். வந்த இரண்டாம் மாதமே கூட்டத்தில் எழுந்தார். பாதையின் இரண்டு முனையிலும் கதவு போட்டு, காவலுக்கு ஆள் வைக்க வேண்டும் என்றார். அரை மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். செயலாளர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "தீர்மானத்துக்கு ஆதரவா கை தூக்கலாம்" என்றாள்.

நாலு கை. எதிர்த்து நாற்பத்தொன்று. அதில் மேட்டுத் தெருவிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த நேசையாவின் கையும் ஒன்று. அவருக்கு ஓட்டு கிடையாது என்று சொல்லத் தலைவர் வாயெடுத்தார். அப்புறம் ஏதோ நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

கூட்டம் முடிந்து நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக நடந்து வந்தோம். சேக் முகம்மது முகம் சுருங்கிப் போயிருந்தது.

"வீட்டுக்காரன்னு ஒரு மரியாதைக்காவது நீ பேசாம இருந்திருக்கலாம்லா?" என்றார்.

"நான் எங்க பேசினேன் மச்சான்? பேசாமத்தான இருந்தேன்."

"அதான். நீ பேசாம இருந்ததுலதான் நான் தோத்தேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டேன். அவர்கள் இரண்டு பேரும் பாதையில் தொடர்ந்து நடந்து, ஆற்றைப் பார்க்க இறங்கினார்கள்.